மறு: உலோகப் பட்டியின் கீறல் – 'மெருகூட்டல்' என்று எழுதலாமா?

கல்லடி, மோட்டார் வகுப்புப் போதனாசிரியர்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வாகன உடற்பகுதித் திருத்தம் படிக்கும் மாணவர்களுக்கான கைந்நூலொன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குப் போக வேண்டும். மற்ற அத்தியாயங்கள் முடிந்துவிட்டன. கண்ணாடியைச் சுற்றியும் கதவின் ஓரத்திலும் ஓடுகிற உலோகப் பட்டியில் விழுந்த கீறலை எடுக்கும் பாடத்தில் மட்டும் பேனை நகர மறுக்கிறது.

மூலநூல் நான்கு வேலைகளைப் பிரித்துச் சொல்கிறது. அரத்தாளை (sandpaper) நீரில் நனைத்து உரசுவது ஒன்று. 400ஆம் இலக்கத்தில் தொடங்கி 800, 1000, 2000 என்று ஏற வேண்டும். ஒவ்வொரு தாளையும் முந்திய தாளின் திசைக்குக் குறுக்காகப் பிடிக்க வேண்டும். சுழலும் கடினமான சில்லில் வெட்டும் பசையைப் பூசி, அரத்தாள் விட்ட கோடுகளை எடுப்பது இரண்டாவது. மென்மையான பருத்திச் சில்லிலே நுண்பசையைக் கொண்டு முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பாக்குவது மூன்றாவது. உலோகத்தைச் சிறிதும் எடுக்காமல், அதைவிடக் கடினமான வழுவழுப்பான கருவியால் அழுத்தி மேற்பரப்பைப் படியவைப்பது நான்காவது. பழைய குறிப்புகளில் இந்த நான்குமே 'மெருகூட்டல்' தான்.

என் சங்கடம் 'ஊட்டல்' என்ற பகுதியில் இருக்கிறது. சோறு ஊட்டுகிறோம், வண்ணம் ஊட்டுகிறோம். இல்லாத ஒன்றைச் சேர்க்கிறோம். மாணவனும் கீறலை எதையோ கொண்டு நிரப்புவதாகவே எண்ணுகிறான். நடப்பதோ நேர்மாறானது. கீறலின் அடிமட்டம் வரையில் அதைச் சுற்றியுள்ள உலோகத்தை எடுத்துவிடுகிறோம். கறையில் உருக்கில் (கறள் பிடிக்காத உருக்கு, stainless steel) இதனால் கெடுதி இல்லை. உள்ளும் புறமும் ஒரே உலோகம், அதிலுள்ள குரோமியம் காற்றுப் பட்டதும் தன் காப்புப் படலத்தை மறுபடி உண்டாக்கிக்கொள்ளும். முலாமிட்ட பட்டியில் குரோமியத்தின் தடிப்பு ஒரு மைக்ரோமீற்றர்கூட இல்லை. அனோட்டாக்கிய (anodized) அலுமினியத்திலோ மேலே இருப்பது கண்ணாடி போன்ற ஒட்சைட்டுப் படலம். அதை இரசாயனத்தால் கழற்றாமல் தேய்த்தால் திட்டுத்திட்டாகிவிடும். 'எடுக்கிறோம்' என்ற எண்ணம் சொல்லிலேயே இருந்தால் பையன் தாளைக் கையில் எடுக்கும் முன்பே நின்று யோசிப்பான். அப்படியொரு சொல் வேண்டும்.

காத்தான்குடி, கராஜ் உரிமையாளர்

அஸ்ஸலாமு அலைக்கும். சேர், உங்கள் பிள்ளைகள் எங்களிடம்தான் பயிற்சிக்கு வருகிறார்கள். 'பொலிஷ்' என்றால் அவர்களுக்கு விளங்குகிறது. பசையைக் 'கம்பவுண்ட்' என்கிறோம், பட்டியைப் 'பீடிங்' என்கிறோம். பரீட்சைக்காகப் படித்த சொல் கராஜ் வாசலோடு நின்றுவிடுகிறது.

ஆனால் நீங்கள் சொல்லும் ஆபத்து உண்மையானது. கடற்கரை வாகனங்களில் உப்புக்காற்று முலாமின் நுண்துளைகளுக்குள் இறங்கிப் புள்ளி புள்ளியாகக் கறள் கிளப்பும். அதைக் கீறல் என்று நினைத்து அரத்தாளை வைத்தால் குரோமியம் போய் நிக்கலின் மங்கிய மஞ்சள் தெரியும். இன்னும் தேய்த்தால் செம்பு. பிறகு கழற்றி மறுபடி முலாமிடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. சொல் எதுவானாலும் சரி, அதை மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

மட்டக்களப்பு நகர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பிமாருக்கு,

'பொலிஷ்' வேண்டாம். நமது எழுத்து வழக்கில் 'பொலிஸ்' காவல்துறை. கிரந்தம் தவிர்த்து எழுதுகிறவன் கையில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

தமிழில் இதற்கென்றே ஒரு வினை இருக்கிறது: மண்ணுதல். புறநானூறு 147இல் பெருங்குன்றூர் கிழார் வள்ளல் பேகனிடம் பரிசிலாகக் கேட்பது பொன்னும் பொருளும் அல்ல. அவன் துறந்த மனைவி கண்ணகி மறுபடி கூந்தல் கழுவிப் பூச்சூடும்படி அவன் இன்றே புறப்பட வேண்டும் என்பதைத்தான். அங்கே வருகிறது 'மண்ணுறு மணியின் மாசற மண்ணி' என்னும் அடி. மணியை மண்ணுவதும் கூந்தலை மண்ணுவதும் ஒரே வினை. 'மாசற' என்பதால் நீக்கம் என்ற கருத்தும் உடனே வந்துவிடுகிறது. தம்பி கேட்டதும் அதுவே. தொல்காப்பியப் புறத்திணையியலின் 'மண்ணுமங்கலம்' இந்த வினையில் பிறந்ததுதான். பாத்திரத்தை மண் போட்டுத் துலக்கும் வழக்கத்திலிருந்தே 'மண்ணுதல்' வந்திருக்கும் என்பது என் நெடுநாள் எண்ணம். மண் என்பது உராய்துகள் அல்லாமல் வேறென்ன? ஆகவே 'மண்ணல்' என்ற தொழிற்பெயரை முன்மொழிகிறேன். (இந்தக் கண்ணகி வேறு, நம் ஊர்களில் வைகாசிச் சடங்கு காணும் கண்ணகை அம்மன் வேறு என்பதை இளையவர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

அக்கரைப்பற்று, மொழிபெயர்ப்பாளர்

> ஆகவே 'மண்ணல்' என்ற தொழிற்பெயரை முன்மொழிகிறேன்.

ஐயா, அந்த அடியை நீங்கள் எடுத்துத் தந்ததற்கு நன்றி. ஆனால் 'பட்டியை மண்ணுக' என்று எழுதினால் பதினெட்டு வயதுப் பையனுக்கு மண் மட்டும்தான் கண்ணில் படும். 'மண்ணாய்ப் போனது' என்ற பேச்சும் காதில் கேட்கும். காத்தான்குடிக் காக்கா சொல்வதைத் தள்ளிவிட முடியாது. 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' என்று தொல்காப்பியமே வழிவிட்டிருக்கிறது.

கழிக்கும் முன் ஒரு பழைய சொல்லை நினைவூட்டுகிறேன்: ஒப்பம். மணிக்கும் பொன்னுக்கும் 'ஒப்பமிடுதல்' என்று அகராதிகள் தருகின்றன. ஒப்பு என்றால் சமம். மேடும் பள்ளமும் ஒன்றாவதுதானே இந்த வேலை?

மட்டக்களப்பு நகர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மகள், அந்தச் சூத்திரம் காலத்தில் தோன்றும் சொல்லைக் கடியாதே என்கிறது. தமிழ் வினை இருக்கும்போது அதைக் கைவிடு என்று அது சொல்லவில்லை. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள் 1936இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அந்த மண்ணில் இருந்துகொண்டு முதல் மடலிலேயே கடன்சொல்லுக்குப் போவது எனக்கு வருத்தம் தருகிறது.

'ஒப்பம்' நம் நாட்டில் கையெழுத்தைக் குறிக்கிறது. 'பட்டியில் ஒப்பமிடுக' என்றால் மாணவன் பேனையை எடுப்பான். 'ஒப்பாரி' என்பதும் இதே வேர். இறந்தவரை ஒன்றோடொன்று ஒப்புச் சொல்லி அழுவதால் வந்த பெயர் அது. ஒப்பு + ஆரி எனப் பிரிப்பாரும் உண்டு. 'ஆர்' என்பதற்கு ஒலித்தல் என்ற பொருள் இருப்பதால் ஒப்பு + ஆர் + இ என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

சம்மாந்துறை, அரிசி ஆலை நடத்துபவர்

எங்கள் ஆலையில் நாளும் புழங்கும் சொல் ஒன்று இருக்கிறது. உமி நீக்கிய அரிசியின் மேல் தவிட்டை எடுத்து வெள்ளையாக்குவதைத் 'தீட்டுதல்' என்கிறோம். தீட்டிய அரிசி என்றால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் விளங்காதவர் இல்லை. ஒரு படையை எடுக்கிறோம் என்பதும், அதிகம் தீட்டினால் சத்துப் போய்விடும் என்பதும் அந்தச் சொல்லோடு எல்லோர் மனதிலும் பதிந்திருக்கின்றன. கத்தி தீட்டுவதும் இரும்பை எடுப்பதுதான். சேர் தேடும் சொல் இதுவாக இருக்கலாம்.

கல்லடி, மோட்டார் வகுப்புப் போதனாசிரியர்

இது மனதில் ஒட்டுகிறது. மிக்க நன்றி.

அக்கரைப்பற்று, மொழிபெயர்ப்பாளர்

எனக்கும் பிடித்திருக்கிறது. ஆயினும் மை தீட்டுகிறோம், ஓவியம் தீட்டுகிறோம். அங்கே பூசுவதுதான் பொருள். வாகனத்துக்கு வர்ணம் பூசுவதும் இதே கைந்நூலில் வருவதால் அந்தப் பாடத்தில் 'தீட்டுதல்' தலைகாட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கல்முனை, பௌதிகவியல் ஆசிரியை

நீங்கள் எல்லோரும் 'எடுத்தல்' என்பதை முடிந்த முடிவாகக் கொண்டு பேசுகிறீர்கள். அறிவியலில் இது நெடுநாள் கருத்து வேறுபாட்டுக்கு உரியதாக இருந்த விடயம். நியூட்டன் 1704இல் வெளியிட்ட ஒளியியல் நூலில், கண்ணாடியை மணலாலும் நுண்பொடியாலும் தேய்க்கும்போது கீறல்கள் அழிவதில்லை, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியவை ஆகின்றன என்ற கருத்தைச் சொன்னார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெயில்பி என்ற ஆய்வாளர், தேய்க்கும்போது உலோகத்தின் மேற்படை பாகுபோல் வழிந்து பள்ளங்களை மூடுகிறது என்றார். அவரது கருத்து பல ஆண்டுகள் செல்வாக்கோடு இருந்தது. பின்வந்த நுண்ணோக்கி ஆய்வுகள் பெரும்பாலான வேலைகளில் நுண்வெட்டே நடக்கிறது என்று காட்டின. ஆனால் போதனாசிரியர் சொன்ன நான்காவது வேலையில் உலோகம் நகர்கிறதே தவிரப் போவதில்லை.

அதனால் பொதுப்பெயர் எடுத்தலையும் சொல்லக்கூடாது, ஊட்டலையும் சொல்லக்கூடாது. மேற்பரப்பு என்ன ஆகிறது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். 'ஒப்பமிடல்' அதைச் செய்கிறது. எடுக்கும் வேலைகளுக்குத் தனிப்பெயர் கொடுங்கள்: அரத்தாளுக்கு 'அராவல்', வெட்டும் பசைக்குத் 'தீட்டல்'. 'அராவுதல்' அரத்தோடு உறவுள்ள பழைய வினைதான். மாணவர் அரத்தாளை அறிந்திருப்பதால் அதையும் ஊகித்துக்கொள்வார்கள்.

மட்டக்களப்பு நகர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

'அராவல்' நன்று. அதில் எனக்கு மறுப்பில்லை.

'மெருகு' என்பதையும் ஒரு கணம் நிறுத்திப் பாருங்கள். தெலுங்கில் மெருப்பு என்றால் மின்னல். மெருகு அங்கிருந்து வந்தது என்று சிலர் ஒதுக்குவார்கள். நான் ஒதுக்கமாட்டேன். மின்னும் தன்மையைக் குறித்த பொதுவேரின் கிளைகள் இரண்டும். ஆகவே மெருகு பயனின் பெயர், செயலின் பெயர் அன்று. செயலுக்கு மண்ணல், பயனுக்கு மெருகு.

மருதமுனை, கைத்தறி நெசவாளர்

செயலையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். செய்யப்படும் பொருளுக்கு 'உலோகப் பட்டி' என்பது பொருந்துமா? சேலையின் ஓரத்தில் அழகுக்காக ஓடுவதைக் 'கரை' என்கிறோம். வாகனத்தின் ஓரத்தில் அழகுக்காக ஓடுவதும் கரைதான். 'உலோகக் கரை' என்று எழுதிப் பாருங்கள்.

அக்கரைப்பற்று, மொழிபெயர்ப்பாளர்

அழகான சொல், ஆனால் 'கறையில் உருக்குக் கரையில் கீறல்' என்று எழுத வேண்டி வரும். ரகர றகரம் தடுமாறுகிற மாணவனுக்கு அது பெரிய சோதனை.

பசைக்குத் 'தேய்பசை' என்று யாரோ தனிமடலில் கேட்டிருந்தார்கள். தேய்பிறையில் பிறைதான் தேய்கிறது. அதே வினைத்தொகை வாய்பாட்டில் தேய்பசை என்றால் தேய்ந்துபோகும் பசை என்றும் ஆகும். 'தேய்ப்புப் பசை' என்றால் ஐயமில்லை. சில்லு விடயத்தில் பேச்சே வேண்டாம்: துணிச்சில்லு, பருத்திச்சில்லு.

காத்தான்குடி, கராஜ் உரிமையாளர்

சில்லு சரி. அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: பட்டியின் விளிம்பு சுழலும் சில்லுக்கு எதிராக இருந்தால் சில்லு அதைப் பறித்து எறிந்துவிடும். சில்லு விளிம்பைவிட்டு வெளியே போகும் பக்கத்தில்தான் பிடிக்க வேண்டும். மெல்லிய பட்டி சூடேறினால் வளையும், நிறமும் மாறும். இதை எழுதும்போது கடினமான சொல் ஒன்றும் வேண்டாம்.

கல்லடி, மோட்டார் வகுப்புப் போதனாசிரியர்

வியாழன் இரவாகிவிட்டது. பெரும்பாலானோர் சொன்னதை வைத்து இப்படிக் கொடுக்கிறேன். அரத்தாள் வேலை அராவல். வெட்டும் பசை வேலை தீட்டல். இறுதிப் பளபளப்பு ஒப்பமிடல். அழுத்திப் படியவைப்பது அழுத்தொப்பம். பாடத்தின் பொதுத் தலைப்பும் 'ஒப்பமிடல்' தான். கையெழுத்தோடு குழம்பாதபடி முதல் வரியிலேயே விளக்கம் எழுதிவிட்டேன். விளைவின் பெயராக மெருகு இருக்கும், 'மெருகூட்டல்' எங்கும் வராது. கராஜில் இதைப் பொலிஷ் என்பார்கள் என்று ஒரு வாக்கியமும் சேர்த்திருக்கிறேன். முலாமிலும் அனோட்டாக்கிய அலுமினியத்திலும் அராவலும் தீட்டலும் கூடாது என்பது பெட்டியிட்டுத் தனியே வருகிறது. கரை பற்றி உடன்பாடு வராததால் 'உலோகப் பட்டி' அப்படியே போகிறது.

மட்டக்களப்பு நகர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி, உங்கள் அவசரம் புரிகிறது. 'அழுத்தொப்பம்' என்ற புணர்ச்சி எனக்கு உவப்பாக இல்லை. 'மண்ணல்' குறித்த என் கருத்தில் மாற்றமும் இல்லை. அடுத்த பதிப்பு வரும்போது இதை மறுபடி எழுப்புவேன்.

மருதமுனை, கைத்தறி நெசவாளர்

எங்கள் பக்கத்தில் பட்டி என்றால் முதலில் நினைவுக்கு வருவது மாட்டுப்பட்டி. கரையைத் தள்ளியதற்கு ரகர றகரத்தைவிட வலுவான காரணம் வேண்டும்.

காத்தான்குடி, கராஜ் உரிமையாளர்

சேர், அச்சுக்குப் போய்விட்டதா? கராஜில் பட்டி என்றால் நசுங்கிய இடத்தை நிரப்பப் பூசுகிற பசை. 'உலோகப் பட்டியைத் தீட்டுக' என்று வாசிக்கிற பையன் அந்தப் பசையைத்தான் தேடிப் போவான்.