இங்கிதம் என்றால் மரியாதையா, வேறா?

கேள்வி

ஒரு கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது என் அத்தை, தூரத்து உறவுக்காரப் பையன் ஒருவனைப் பற்றி "மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை, இங்கிதம்தான் தெரியலை" என்றார். பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்கிறான், எல்லோரிடமும் வாங்க, போங்க என்றுதான் பேசுகிறான். அன்று பந்தியில் நாலு பேர் முன்னால், வேலை போய் வீட்டில் இருக்கும் என் அண்ணனிடம் "இன்னும் ஒண்ணும் அமையலையாண்ணே?" என்று கேட்டுவிட்டான். அத்தைக்குக் கோபம் அதில்தான். அகராதியில் இங்கிதத்துக்குக் 'குறிப்பு' என்று பொருள் போட்டிருக்கிறது. குறிப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? மரியாதையிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

பதில் 1

அத்தை சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். எதிரில் இருப்பவரின் வயது, உறவு, பதவி தெரிந்தால் மரியாதை காட்டிவிடலாம், அந்த நேரத்தில் அவர் மனசு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டியதே இல்லை. இங்கிதத்துக்கு அது தெரிந்தாக வேண்டும். வடமொழியில் இங்கிதம் என்றால் முகத்திலும் உடம்பிலும் தெரியும் சாடை. தமிழில் அந்தச் சாடையைப் பிடித்து அதற்கேற்ப நடந்துகொள்வதற்கே பெயராகிவிட்டது. நம்மிடம் குறிப்பறிதல் என்ற சொல் ஏற்கெனவே இருந்ததுதான், அந்தத் தலைப்பில் குறளில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. 71-வது அரசவையில் இருப்பவருக்கு, 110-வது காதலருக்கு. "கூறாமை நோக்கிக் குறிப்பறிவான்" என்று 701-வது குறள் தொடங்குகிறது, அதாவது ஒருவர் வாய்விட்டுச் சொல்லும் முன்பே முகம் பார்த்து அறிகிறவன். உங்கள் அண்ணன் இலையை விட்டுத் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார். பையன் அதைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

பதில் 2

நாகரிகம் என்ற சொல்லையும் சேர்த்துப் பாருங்கள். இன்றைக்கு அது உடுப்பு, நகரம், சிந்துவெளி என்று போய்விட்டது. ஆனால் 580-வது குறளில், நஞ்சை ஊற்றுவதைக் கண்ணால் பார்த்தும் பழகியவர் தருகிறார் என்பதற்காகக் குடித்துவிட்டு அமைதியாக இருப்பவர்தான் நாகரிகம் வேண்டுபவர். நற்றிணை 355-லும் இதே கருத்து வருகிறது. 'சபை நாகரிகம் தெரியாதவர்' என்று திட்டுகிறோமே, அதில் இன்னும் அந்தப் பழைய பொருளின் சாயல் இருக்கிறது.

அப்புறம், வழக்கத்தையும் இங்கிதத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். துக்க வீட்டில் 'போய்ட்டு வரேன்' என்று சொல்லாமல் எழுந்து வர வேண்டும் என்பது வழக்கம், சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அதே வீட்டில் "இன்னும் கொஞ்சம் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாமே" என்று கேட்காமல் இருப்பதும், அழுது ஓய்ந்து உட்கார்ந்திருக்கிறவர் கையில் ஒரு டம்ளர் காப்பியைக் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நகர்ந்துவிடுவதும்தான் இங்கிதம்.

பதில் 3

எல்லாம் சரி, ஆனால் இந்தச் சொல்லை யார் மேல் பிரயோகிக்கிறார்கள் என்று பாருங்கள். கல்யாணமான ஆறாவது மாதம் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கூட்டத்தில் கேட்கிற பெரியவரை யாரும் இங்கிதம் இல்லாதவர் என்று சொல்வதில்லை. "அதெல்லாம் கேட்காதீங்க பெரியப்பா" என்று பதில் சொல்கிற பெண்ணுக்குத்தான் அந்தப் பட்டம் கிடைக்கிறது. நஞ்சைத் தெரிந்தே குடிப்பது நாகரிகம் என்றால் அதை எப்போதும் சின்னவர்களும் மருமகள்களும்தான் குடிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. குறிப்பறிய வேண்டியது வயதில் மூத்தவருக்கும் கடமைதான்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. கடைசியாகச் சொன்னதை அத்தையிடமும் சொல்கிறேன், அவர் ஒத்துக்கொள்வார் என்றே நினைக்கிறேன். எழுதும்போது இங்கிதமா, இங்கீதமா? இரண்டையும் பார்க்கிறேன்.

பதில் 1

இங்கிதம், குறில்தான். சங்கீதம் காதில் பழகிப்போனதால் பலர் நீட்டிவிடுகிறார்கள். நாகரிகத்தை நாகரீகம் என்று எழுதுவதும் அப்படித்தான், குறளில் இருப்பது நாகரிகம். பேச்சில் பெரும்பாலும் 'இங்கிதம் தெரியாதவன்', 'இங்கிதம் இல்லாமல்' என்று எதிர்மறையாகத்தான் வரும். பாராட்டாகச் சொல்ல வேண்டுமென்றால் 'இங்கிதம் தெரிந்தவர்' என்று சொல்லுங்கள், இயல்பாக இருக்கும்.