மயக்கநிலைக் கண்ணமுக்கம்: சொல் தகுமா?

கலைச்சொற் குழுமத்தாருக்கு வணக்கம்.

திருகோணமலையில் பெற்றோருக்கான விளக்கத்தாள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பிறவிக் குளுக்கோமா (கண்ணுக்குள் அமுக்கம் கூடிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய்) இருக்கலாம் என ஐயுறப்படும் குழந்தைகளுக்கு மயக்கமருந்து கொடுத்துக் கண்ணின் அமுக்கத்தை அளப்பது பற்றியது. விழித்திருக்கும் குழந்தை அழுது இமைகளை இறுக்கினால் அளவு கூடிவிடும். செவோபுளோரேன் போன்ற, மூச்சோடு உள்ளிழுக்கும் ஆவிமருந்தில் மயக்கம் ஆழ ஆழ அதே அளவு இறங்கிவிடும். கெற்றமின் என்னும் மயக்கமருந்து அவ்வாறு இறக்குவதில்லை, சற்று ஏற்றவும் கூடும். மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தும்போது மறுபடி ஏறும். ஆகவேதான் குழந்தை மயங்கிய கையோடு, குழாய் செலுத்துமுன் அளந்து, எந்த மருந்து, எத்தனையாவது நிமிடம் என்பதையும் குறித்து வைக்கிறார்கள். ஆவிமருந்தின் கீழ் அளந்த 14 மி.மீ. இரசம் (அமுக்கத்தை அளக்கும் அலகு), விழித்திருக்கும் கண்ணின் 14 அன்று. இந்த வேறுபாடு சொல்லுக்குள்ளேயே தெரிய வேண்டும்.

முதலில் 'உணர்வழிநிலை உட்கண் அமுக்கம்' என்று எழுதினேன். படித்துப் பார்த்த தாய் ஒருவர் முதற்சொல்லில் விரலை வைத்து, "பிள்ளையிட உணர்வு அழிஞ்சிடுமா?" என்று கேட்டார். அன்றே அதை அடித்துவிட்டு 'மயக்கநிலைக் கண்ணமுக்கம்' என்று மாற்றினேன். தகுமா?

மறுமொழி:

மயக்கம் வேண்டாம். தொல்காப்பியர் 'கலந்த மயக்கம் உலகம்' என்னும்போது அது கலப்பு. மெய்யெழுத்துகள் அடுத்தடுத்துச் சேரும் மெய்ம்மயக்கமும், திணைகள் கலக்கும் திணைமயக்கமும் அவ்வழி வந்தவையே. வள்ளுவரோ காமம், வெகுளி, மயக்கம் என்னும் மூன்றின் பெயருங்கூடக் கெட்டால்தான் நோய் கெடும் என்கிறார். நோய் தீர்க்குமிடத்தில் அச்சொல்லை வைக்க எனக்கு மனம் வரவில்லை. திருமாலின் விழிப்புள்ள துயிலைக் குறிக்கும் அறிதுயில் என்ற அழகிய தொடர் நம்மிடம் இருக்கையில், மருந்தால் வருவதை 'மருந்துத்துயில்' என்று ஏன் சொல்லக்கூடாது? மேலும், அமுக்குதல் வெளியிலிருந்து கை செய்யும் வினை. கண்ணுக்குள் சுரக்கும் நீர் உள்ளிருந்து தள்ளுவதை அது எப்படிச் சுட்டும்? தமிழகத்தாரின் 'அழுத்தம்' மேல்.

மறுமொழி:

ஐயா, அமுங்கு, அமுக்கு என்பது போலவே அழுந்து, அழுத்து என்பதும்; அமுக்கு, அழுத்து இரண்டுமே பிறவினைகள்தாம். நம் பாடநூல்களில் ஊறிய சொல் அமுக்கம். வங்கக் கடலில் தாழமுக்கம் (காற்றழுத்தத் தாழ்வு) என்று வானொலி அறிவித்தால் இங்குள்ள கடற்றொழிலாளர் வள்ளத்தைக் கரையேற்றுகிறார்கள். யாருடைய கை அமுக்குகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. துயில் எனக்கும் பிடித்த சொல்லே. ஆனால் துயில்பவரைத் தட்டினால் எழுவார். மயக்கமருந்தில் இருக்கும் குழந்தை எழாது. தாய் அதை அறிந்துதான் கையெழுத்திட வேண்டும்.

மறுமொழி:

மருத்துவமனையின் கண் நோயாளர் விடுதியில் பணிபுரிபவள் என்ற முறையில் மயக்கநிலைக் கண்ணமுக்கத்துக்கே என் வாக்கு. இருந்தாலும் தாய்மார் சொல்வது 'கண் பிறசர்'. முதல் வரியில் ஒருமுறையாவது அதை எழுதுங்கள்.

மறுமொழி:

திங்கட்கிழமை முந்துகிறது, அச்சிடுங்கள். நம் கலைச்சொற் பட்டியலில் மட்டும் நான் முன்மொழிந்த 'மருந்துத்துயில்' என்பதையும் என் மறுப்போடு சேர்த்துப் பதிய வேண்டுகிறேன்.