மறு: மறு: "தானே பரவும் ஓட்டை" போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை ஆய்வகக் கையேடு அச்சுக்குப் போக வேண்டும். பாடம் புளூகீப், அதாவது விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பில் (தொலைவிலிருந்து கணினியை இயக்கும் வசதி) இருந்த பாதுகாப்பு ஓட்டை. ஆள் உதவியின்றிக் கணினிக்குக் கணினி தாவும் "புழு" நிரலுக்கு வழிவிடும் இத்தகைய ஓட்டையை ஆங்கிலத்தில் wormable என்பார்கள். கேட்டது அதற்கு ஒரே தமிழ்ச்சொல்தான். மடலாடல் புழுங்கல் அரிசி வரை போய்விட்டது!

> புழுவிலிருந்தே "புழுக்கத்தக்க வழு" என்று ஆக்கலாம். இலக்கணம் இடம் தருகிறது.

இலக்கணம் தரும் ஐயா, மாணவர் தர மாட்டார்கள். புழுக்குதல் என்றால் அவித்தல். கணினி சூடாகும் கோளாறு என்று தேர்வில் எழுதி வைப்பார்கள்.

> புழு, புழை, புழல் மூன்றும் துளைப்பொருள் வேரில் பிறந்தவை. புழைக்கடை வீட்டின் பின்வாசல். எனவே "தொலைப்புழை".

சொல் அழகு. ஆனால் பின்வாசல் என்றதும் யாரோ வேண்டுமென்றே திறந்து வைத்தது போலாகிவிடும். இங்கே நடந்தது கவனக்குறைவு. ரிமோட் டெஸ்க்டாப்பில் இணைப்பு தொடங்கும்போது, வெளிக்கணினி தனக்கு வேண்டிய தடங்களை (தரவு போய்வரும் வழிகளை) பெயர் சொல்லிக் கேட்கும். எம்எஸ்_டி120 என்பது விண்டோஸ் தன் உள்வேலைக்கு வைத்திருந்த தடம். வெளியாள் அதே பெயரைக் கேட்டாலும் மறுக்கவில்லை. ஒரே தடம் இரண்டு இடங்களில் பதிவாகிவிடும். ஒன்றை மூடினால் நினைவகம் விடுவிக்கப்படும், மற்றொன்று காலியான அந்த இடத்தையே இன்னும் காட்டிக்கொண்டிருக்கும். நுழைய அது போதும். கடவுச்சொல் கேட்பதற்கு முன்பே இவ்வளவும் முடிந்துவிடுகிறது.

> "தொற்றவல்ல" என்றால் எளிதில் புரியுமே?

புரியும் அம்மா, ஆனால் அது வைரசுக்குரிய சொல். வைரஸ் கோப்பில் ஒட்டிக்கொண்டு யாராவது திறக்கும்வரை காத்திருக்கும். புழுவுக்கு ஆள் வேண்டாம். பிடிபட்ட கணினியே 3389ஆம் வாயில் (ரிமோட் டெஸ்க்டாப்புக்கான இணைப்பு எண்) திறந்திருக்கும் அடுத்த கணினியைத் தேடிப் போகும். 2017இல் வானாகிரை என்ற பணயத்தொகை கேட்கும் புழு வேறு வழியில், கோப்புப் பகிர்வு வழியே, இப்படித்தான் உலகைச் சுற்றியது. அந்தப் பயத்தில்தான் 2014 ஏப்ரலிலேயே ஆதரவை நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் 2019 மே 14 அன்று திருத்தம் வெளியிட்டது. விண்டோஸ் 8, 10 தப்பின. எங்கள் ஆய்வகத்தின் மூலையில் இன்னும் எக்ஸ்பிதான் ஓடுகிறது, அதனால்தான் இந்த அவசரம்.

> புளூகீப்பை "நீலக்காப்பு" எனலாமா?

வேண்டாமே, பெயர்ச்சொல் அப்படியே இருக்கட்டும். ஆனால் காப்பு என்றதும் திருக்குறள் அரண் அதிகாரத்தின் "சிறுகாப்பிற் பேரிடத்த தாகி" நினைவுக்கு வந்தது. காக்க வேண்டிய இடம் சிறிதாக, உள்ளே பரப்பு பெரிதாக. தேவையில்லாத வாயிலை மூடு என்று மாணவருக்குச் சொல்ல இதைவிட நல்ல வரி கிடைக்காது, கையேட்டில் சேர்த்துவிட்டேன். சொல்லாக்கத்துக்கு உதவவில்லை, சரி.

> ஓட்டை பானைக்கு. "வழு" என்றாவது போடுங்கள்.

வழுவெல்லாம் ஓட்டையாகாது ஐயா. எழுத்துரு தவறாகத் தெரிவதும் வழுதான்.

பதில் எழுதியவர்களில் பெரும்பாலோர் "ஏதாவது ஒன்றைப் போடுங்கள்" என்ற இடத்துக்கு வந்துவிட்டார்கள். "தானே பரவும் ஓட்டை" என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். தொலைப்புழை அடைப்புக்குறிக்குள் இருக்கும். "இது சொல்லல்ல, விளக்கம்" என்ற ஐயாவின் மறுப்புக்கு என்னிடம் பதில் இல்லை. வியாழன் மாலைக்குள் யாருக்காவது ஒற்றைச்சொல் கிடைத்தால் மாற்றிவிடலாம்.