டவுன்லோட் 94, அப்லோட் 1.5: ஆல்பம் ஃபைல் ஏறவே மாட்டேங்குது, உதவுங்க

ஆல்பம்காரி:
வணக்கம். கும்பகோணத்துல வீட்டுலயே கல்யாண ஆல்பம் டிசைன் பண்றேன். முடிச்ச ஃபைலை கூகுள் டிரைவ்ல ஏத்தி, பிரிண்ட் போடுற லேபுக்கு லிங்க் அனுப்பணும். ஒரு ஆல்பம் 6 ஜிபி வரும். ஃபைபர் கனெக்‌ஷன்தான், ஏத்த, இறக்க ரெண்டுக்கும் 100 எம்பிபிஎஸ்னு சொல்லிக் குடுத்த பிளான். டவுன்லோட் 94 வருது. அப்லோட் 1.5, சில நேரம் அதுவும் இல்ல. ராத்திரி ஏத்த விட்டுட்டுப் படுத்தா, காலையில பாதியில நிக்குது. வீடியோ கால்ல எதிராளி எனக்குப் பளிச்சுன்னு தெரியறாங்க, நான் அவங்களுக்குக் கட்டம் கட்டமா தெரியறேனாம். கஸ்டமர் கேர்ல "94 காட்டுதேம்மா"ன்னு சொல்லி கம்ப்ளெய்ன்ட்டை மூடிட்டாங்க. பொண்ணு வீட்டுலேர்ந்து தினம் போன்.

மொட்டைமாடி:
ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா? அப்பவும் சரியாகலைன்னா வேற கம்பெனிக்கு மாறிடுங்க. மாரடிக்காதீங்க.

பிட்டுக்குபிட்:
மாறுறது கடைசி வேலை. முதல்ல வைஃபையை விட்டுட்டு லேன் ஒயர்ல கம்ப்யூட்டரை மாட்டி டெஸ்ட் பண்ணுங்க. ரவுட்டர் சத்தமா பேசும், உங்க போனும் லேப்டாப்பும் மெல்லமாத்தான் பேசும். அதனால ரெண்டு சுவர் தள்ளி உக்காந்தா டவுன்லோட் நல்லா வந்து அப்லோட் மட்டும் படுக்கறது சகஜம்.

அப்புறம், அதே ஃபைலை போன் ஹாட்ஸ்பாட்ல ஏத்திப் பாருங்க. அதுல ஓடினா கம்ப்யூட்டர் மேலயும் டிரைவ் மேலயும் குத்தம் இல்ல.

ஆல்பம்காரி:
லேன்லயும் அதே 1.5தான் சார். ஹாட்ஸ்பாட்ல 12 வருது! ஆனா 6 ஜிபி போட்டா அன்னிக்கு டேட்டா காலி.

காவிரிக்கரை:
வீட்டுல கிளவுட்ல சேமிக்கிற கேமரா இருக்கா அக்கா? எங்க வீட்டுல அதான் வில்லன். ரெண்டு கேமரா ராப்பகலா மேல ஏத்திக்கிட்டே இருந்துச்சு. போதாததுக்கு எல்லார் போன்லயும் போட்டோ பேக்கப் வேற. எல்லாத்தையும் நிறுத்திட்டு ஒருவாட்டி டெஸ்ட் எடுங்க.

ஆல்பம்காரி:
வாசல்ல ஒரு கேமரா இருக்கு தம்பி. அதைப் புடுங்கிட்டு, போனையெல்லாம் ஏரோபிளேன் மோடுல போட்டும் பாத்தாச்சு. 1.5லேர்ந்து 1.9 ஆச்சு, அவ்வளவுதான்.

பிட்டுக்குபிட்:
சரி, எம்டியூவையும் (ஒரே தடவையில அனுப்பக்கூடிய டேட்டாத் துண்டு, அதாவது பாக்கெட்டோட உச்ச அளவு) பாத்துடுவோம். யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு லாகின் ஆகுற பிபிபிஓஇ லைன்ல அது பொதுவா 1492 பைட். இது தப்பா இருந்தா சின்ன மெசேஜ் போகும், பெரிய ஃபைல் தொண்டையில சிக்கும். கமாண்ட் ப்ராம்ப்ட்ல பிங்கோட (ஒரு பாக்கெட்டை அனுப்பி பதில் வருதான்னு பாக்குற கட்டளை) "எஃப்", "எல்" ஸ்விட்ச் சேர்த்து 1464 அளவு அனுப்புங்க (தலைப்புக்கு 28 சேர்ந்தா 1492). துண்டாக்கணும்னு திட்டினா எம்டியூ பிரச்சினை.

ஆல்பம்காரி:
திட்டலை, பதில் வருது. ஆனா நடுவுல நடுவுல "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்"னும் வருது.

பழைய லைன்மேன்:
அங்கதான் விஷயம் இருக்கும்மா. ஒண்ணொண்ணா அனுப்புற பிங் பாக்கெட்டே தொலையுதுன்னா, பெரிய ஃபைல் ஏத்தும்போது தொலைஞ்சதையெல்லாம் திரும்பத் திரும்ப அனுப்பியே கம்ப்யூட்டர் வேகத்தைக் குறைச்சுக்கும். ரெண்டு கேள்வி. பிரவுசர்ல திறக்கிற ரவுட்டர் செட்டிங்ஸ் பேஜ்ல (அட்ரஸ் 192.168.1.1 மாதிரி இருக்கும், ரவுட்டர் அடியில ஸ்டிக்கர்ல போட்டிருப்பாங்க) ஆப்டிகல் பவர்னு ஒரு இடம் இருக்கும், அதுல ஆர்எக்ஸ், அதாவது உங்க பெட்டிக்கு வந்து சேர்ற ஒளி எவ்வளவு? இது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தெருவுல ஒயர்ல யாராச்சும் கை வச்சாங்களா?

ஆல்பம்காரி:
ஆர்எக்ஸ் மைனஸ் 26.8 டிபிஎம். கை வச்சாங்களான்னா... தேர் வர்றதுக்காக எங்க தெருவுல குறுக்கே போற ஒயரையெல்லாம் கழட்டி, தேர் போனதும் திரும்பக் கட்டினாங்க. அதுக்கப்புறம்தான்னு இப்ப நினைச்சா தோணுது.

பழைய லைன்மேன்:
தேர்த் தெருவா, முதல்லயே சொல்லக் கூடாதா! வீட்டு ஃபைபர்ல பெரும்பாலும் ஜிபான்ங்கற முறைதான் ஓடுது. வர்றதும் போறதும் ஒரே கண்ணாடி இழையில: இறங்குறது 1490 நானோமீட்டர் ஒளி, ஏறுறது 1310. கண்ணாடிக்குள்ள 1310தான் கொஞ்சம் அதிகமா தேயும். மைனஸ் எண் கூடக்கூட ஒளி கம்மின்னு அர்த்தம். உங்க பெட்டி மைனஸ் 27 வரைக்கும் தாங்கும், அதனால 26.8லயும் இழுத்துப் பிடிச்சு டவுன்லோடைக் குடுத்துடுது. எதிர்ப்பக்கம் அவங்க ஓஎல்டிக்கு (கம்பெனி பக்கம் இருக்கற ஃபைபர் பெட்டி) போய்ச் சேர்ற உங்க ஒளி எல்லைக்கோட்டுல ஊசலாடும். கஸ்டமர் கேர் பாக்குற 94 இதைச் சொல்லவே சொல்லாது. நல்ல லைன்னா மைனஸ் 15லேர்ந்து 24க்குள்ள இருக்கணும்.

கம்ப்ளெய்ன்ட் போடும்போது "ஸ்லோவா இருக்கு"ன்னு சொல்லாதீங்க, மறுபடி மூடிடுவாங்க. "ஆர்எக்ஸ் மைனஸ் 26.8, பிங் விடுது, ஓஎல்டியில என்னோட பவர் எவ்வளவு வருதுன்னு பாத்துச் சொல்லுங்க"ன்னு கேளுங்க. கையில பவர் மீட்டரோட ஆள் வருவாங்க.

அதுவரைக்கும் நீங்க கனெக்டரைக் கழட்டித் துடைக்க வேண்டாம். சேலைத் தலைப்புல துடைச்சா இன்னும் அழுக்கு ஏறும். உள்ளே எட்டியும் பாக்காதீங்க, அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனா கண்ணுக்கு ஆகாது. பச்சை முனை பச்சை சாக்கெட்லதான் இருக்கான்னு மட்டும் பாருங்க. பச்சையும் நீலமும் மாட்டியிருந்தா நுனி ஒட்டாம ஒளி வீணாகும்.

ஆல்பம்காரி:
ரெண்டு முனையும் பச்சைதான். நீங்க சொன்ன மாதிரியே வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன், ஆள் வந்தாங்க. கம்பத்துல ஏறிப் பாத்தா, கழட்டிக் கட்டினப்ப அறுந்துபோன ஒயரை அவசரத்துக்கு ரெண்டு ஃபாஸ்ட் கனெக்டர் போட்டு முட்டவச்சு, மேல இன்சுலேஷன் டேப் சுத்தி வச்சிருந்தாங்க. டேப்புக்குள்ள தண்ணி, தூசி. அதை வெட்டிட்டு மெஷின்ல இழையை உருக்கி ஒட்டி (ஸ்ப்ளைஸ்), மூடி போட்ட டப்பாக்குள்ள வச்சுட்டுப் போனாங்க. இப்ப ஆர்எக்ஸ் மைனஸ் 20.4. அப்லோட் 91! முன்னெல்லாம் ஒன்பது மணி நேரம்னு காட்டின ஆல்பம் பத்து நிமிஷத்துல ஏறிடுச்சு. ரொம்ப நன்றிண்ணே.

காவிரிக்கரை:
கேமராவைத் திரும்ப மாட்டிடுங்க அக்கா 😀

மொட்டைமாடி:
லைன்மேன் அண்ணே, எனக்கும் அப்லோட் மோசம்தான், 3 தாண்டாது. இப்ப பாத்தேன், ஆர்எக்ஸ் மைனஸ் 19. நானும் ஓஎல்டி கதையைச் சொல்லவா?

பழைய லைன்மேன்:
மைனஸ் 19னா முதல்ல கம்பத்துமேல பழி போடாதீங்க. ரவுட்டர் எங்க இருக்கு, நீங்க எங்க உக்காந்து டெஸ்ட் பண்றீங்க? பேரே மொட்டைமாடின்னு வச்சிருக்கீங்களே. கீழ இறங்கி லேன் ஒயரை மாட்டிப் பாத்துட்டு வாங்க, பேசுவோம்.