தம்பலகாமம் வயலில் பாம்பு பிணைந்து நின்றது, இணைசேர்தலா சண்டையா?

வரம்பு நண்டு:
போன ஞாயிறு பின்னேரம் தம்பலகாமத்தில் பெரியப்பாவின் வயலுக்குப் போயிருந்தேன். வெள்ளாமை வெட்டி முடிந்து வெறும் தரை. வாய்க்கால் ஓரத்தில் இரண்டு பெரிய பாம்புகள் கயிறு முறுக்கின மாதிரிப் பின்னிக்கொண்டு முழங்கால் உயரத்துக்கு எழும்புகின்றன, பொத்தென்று விழுகின்றன, திரும்ப எழும்புகின்றன. இருபது நிமிடமாவது இருக்கும், போனில் கொஞ்சம் எடுத்தேன். பெரியப்பா, "சாரையும் நாகமும் சேருது, சாரத்தைக் கழற்றி மேலே போடு, பெட்டிக்குள்ள வைச்சா காசு சேரும்" என்கிறார். நல்ல காலம், நான் காற்சட்டையோடு போயிருந்தேன். நாகம் என்றால் ஒருமுறையாவது படம் எடுத்திருக்காதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூதூர் வயல்காரன்:
தம்பி, நீங்கள் பார்த்தது இரண்டும் சாரை, இரண்டும் ஆண். அது சண்டை. ஒன்றின் தலையை மற்றது தரையோடு அமுக்கப் பார்க்கும், அதற்காகத்தான் அந்த முறுக்கலும் எழும்பலும். பொதுவாகக் கடிக்காது, களைத்தது விட்டுவிட்டு ஓடும். சாரை ஆண், நாகம் பெண் என்று எங்கள் பக்கமும் சொல்வார்கள், ஆனால் இரண்டும் வேறு வேறு இனம், சாரையிலும் ஆண் பெண் உண்டு, நாகத்திலும் உண்டு. சாரைக்கு விசமும் இல்லை. சிங்களத்தில் கெரண்டியா என்பது இதைத்தான். வயலில் எலி பிடித்துத் தருகிற பிராணி, தயவுசெய்து அடிக்க விடாதீர்கள்.

உப்புவெளி அக்கா:
உண்மையாகச் சேருவதைப் பார்த்தால் சப்பென்று இருக்கும் 😄 எங்கள் வளவில் தென்னோலை குவித்த இடத்தில் ஒருமுறை இரண்டு சாரை நீட்டுக்குக் கிடந்தன, செத்துப்போச்சோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஒன்றின் முதுகோடு மற்றது ஒட்டிக்கொண்டு, நாடியை அதன் மேல் வைத்து இடைக்கிடை உடம்பை வெட்டி வெட்டி இழுக்கும், மற்றபடி அசைவில்லை. வால் பக்கம் மட்டும் சேர்ந்திருக்கும். நான் சமைத்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்து, திரும்ப வந்து பார்க்கவும் அப்படியே கிடந்தன. ஆண் பாம்புக்கு அந்த உறுப்பு இரண்டாம், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பாவிக்குமாம், பிறகு தேடி வாசித்தபோதுதான் தெரிந்தது. பெண்ணின் வாசத்தை நாக்கால் பிடித்துத்தான் ஆண் தேடி வரும், அதனால் ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் வந்துவிட்டால் தம்பி பார்த்த கூத்து நடக்கும்.

பழைய கிண்ணியாக்காரன்:
எங்கள் வாப்பா அப்படி ஒரு வெள்ளைத் துணி போட்டு எடுத்து வைத்திருந்தார். காசு வரவில்லை, துணியை எலி அரித்துப் போட்டது. சாரையை அடிக்காமல் விட்டிருந்தால் துணியாவது மிஞ்சியிருக்கும். ஆனால் ஒன்று, நாகமும் புடையனும்கூட இப்படிச் சண்டை பிடிக்கும். எந்த இனம் என்று நிச்சயமில்லாமல் கிட்டப் போய் வீடியோ எடுக்காதீர்கள், துணி போடுகிற வேலையும் வேண்டாம்.

வரம்பு நண்டு:
அக்கா சொன்னதற்குப் பிறகு வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். வால்கள் தனித்தனியாகத்தான் கிடக்கின்றன, கடைசியில் ஒன்று வாய்க்காலுக்குள் பாய, மற்றது கொஞ்ச தூரம் துரத்திப் போகிறது. பெரியப்பாவுக்கும் காட்டினேன். "அது புருசன் பெண்சாதிச் சண்டை" என்கிறார்.