பழைய பிரிண்டர் டிரைவர் போகவும் மாட்டேன் என்கிறது, வேறு எதையும் நிறுவ விடவும் மாட்டேன் என்கிறது

வாசல்திண்ணை:
வணக்கம். வீட்டு டெஸ்க்டாப்பில் உபுண்டு 22.04 லினக்ஸ். அப்பாவின் பழைய நோட்டுப் புத்தகங்களை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றலாம் என்று டெசராக்ட்டையும் அதன் தமிழ்ப் பொதியையும் நிறுவப் போனேன். அங்கேதான் தொல்லை ஆரம்பம். போன வருடம் விற்ற ஒரு பிரிண்டரின் டிரைவர் (கம்பெனி தளத்திலிருந்து இறக்கிய டெப் என்ற நிறுவல் கோப்பு) பாதியில் சிக்கிக் கிடக்கிறது. எதை நிறுவினாலும் “ஒன்று முழுமையாக நிறுவப்படவில்லை அல்லது நீக்கப்படவில்லை” என்று சொல்லிவிட்டு, கடைசியில் “டிபிகேஜி பிழைக் குறியீடு 1 தந்தது” என்று நிற்கிறது (டிபிகேஜி என்பது உபுண்டுவில் மென்பொருள் பொதிகளை நிறுவி நீக்கும் நிரல்). பொதியை நீக்கும் சுடோ ஏப்ட் ரிமூவ், அமைப்புக் கோப்புகளோடு நீக்கும் பர்ஜ் இரண்டும் போட்டாயிற்று, அதே கதை. கைபேசியிலிருந்து எழுதுவதால் கட்டளைகளைக் காதில் விழுகிற மாதிரியே எழுதியிருக்கிறேன், மன்னிக்கவும்.

வேகவண்டி:
வார், லிப், டிபிகேஜி ஃபோல்டரில் லாக் (பூட்டு) என்று தொடங்கும் கோப்புகளை அழித்துவிட்டு மறுபடி போடுங்கள். எனக்கு எப்போதும் அதுதான் கைகொடுக்கும்.

கருப்புத்திரை:
அதைச் செய்யாதீர்கள், தயவுசெய்து. இவருக்கு வந்திருப்பது லாக் பிழையே இல்லை. லாக் பிழை என்றால் “இந்த எண்ணுள்ள புராசஸ் பிடித்து வைத்திருக்கிறது” என்று வரும். பெரும்பாலும் பின்னணியில் தானாக ஓடும் அப்டேட்தான் பிடித்திருக்கும், ஐந்து பத்து நிமிடம் பொறுத்தால் விட்டுவிடும். பூட்டு இருப்பது கெர்னலிடம், அதாவது இயங்குதளத்தின் மையக் கருவிடம். கோப்பை அழித்தால் ஓடிக்கொண்டிருப்பது நிற்காது, இன்னொன்றையும் கூடவே உள்ளே விடுவீர்கள். இரண்டும் ஒரே பொதிப் பதிவேட்டில் எழுதினால் அப்புறம் கணினியே சந்தி சிரிக்கும்.

வாசல்திண்ணை, “பிழைக் குறியீடு 1” என்ற கடைசி வரி எல்லோருக்கும் வரும், அதில் ஒன்றும் தெரியாது. அதற்கு நான்கைந்து வரி மேலே என்ன இருக்கிறது?

வாசல்திண்ணை:
பார்த்தேன். பொதியின் பெயருக்குப் பின்னால் “.ப்ரீஆர்எம்: 5:”, அப்புறம் ஆப்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் ஸ்டாப்.எஸ்ஹெச் என்ற கோப்பின் முகவரி, “நாட் ஃபவுண்ட்”. அடுத்த வரியில் “எக்ஸிட் ஸ்டேட்டஸ் 127”. டிபிகேஜி -எல் போட்டால் இந்தப் பொதிக்கு மட்டும் முன்னால் “ஆர்எஃப்” என்று இருக்கிறது, மற்றதெல்லாம் “ஐஐ”.

மாடிவீட்டுஅக்கா:
தம்பி, அந்த டெப் கோப்பு இன்னும் டவுன்லோட்ஸில் இருந்தால் அதையே மேலே ஒருமுறை நிறுவிவிட்டு அப்புறம் நீக்கிப் பாருங்கள்.

வாசல்திண்ணை:
செய்து பார்த்தேன் அக்கா. அதே 127.

கருப்புத்திரை:
அக்கா சொன்னது பல சமயம் வேலை செய்யும். ஆனால் புதியதைப் பிரிப்பதற்கு முன்னால் டிபிகேஜி பழைய பொதியின் ப்ரீஆர்எம்மைத்தான் (நீக்குவதற்கு முன் ஓடும் ஸ்கிரிப்ட்) கூப்பிடும். அது தோற்றால், வந்திருக்கும் பொதியின் ப்ரீஆர்எம்மைக் கூப்பிட்டுப் பார்க்கும். உங்கள் விஷயத்தில் இரண்டும் ஒரே ஸ்கிரிப்ட், அதனால் இரண்டும் ஒரே இடத்தில் விழுகின்றன.

127 என்றால் “ஓடச் சொன்ன கட்டளையே கிடைக்கவில்லை” என்று பொருள். 5 என்பது ஸ்கிரிப்ட்டின் ஐந்தாவது வரி. பொதி தான் கிளம்புவதற்கு முன் தன் சர்வீஸை நிறுத்தப் பார்க்கிறது, நிறுத்துகிற கோப்பு அங்கே இல்லை. ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம்: ஆப்ட் ஃபோல்டரில் ஏதாவது கைவைத்தீர்களா? (ஏப்ட் வேறு, ஆப்ட் வேறு. தமிழில் எழுதினால் இதுதான் வம்பு.)

வாசல்திண்ணை:
ஐயோ. ஆமாம். பிரிண்டரை விற்ற அன்றே இடம் மிச்சமாகட்டும் என்று அந்த ஃபோல்டரை ஆர்எம் போட்டு அழித்தேன். நீக்கியாயிற்று என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கருப்புத்திரை:
அதுதான் விஷயம். கோப்புகள் போய்விட்டன, டிபிகேஜியின் பதிவேட்டில் பொதி மட்டும் உயிரோடு இருக்கிறது. “ஆர்எஃப்”பில் ஆர் என்றால் நீக்கச் சொல்லியிருக்கிறீர்கள், எஃப் என்றால் அமைப்பு பாதியில் நிற்கிறது. ப்ரீஆர்எம் தோற்றதும், பொதியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர போஸ்ட்இன்ஸ்ட்டை (நிறுவிய பின் ஓடும் ஸ்கிரிப்ட்) கூப்பிட்டிருக்கும். அதுவும் அழிந்துபோன ஃபோல்டரில் எதையோ தேடித் தோற்றிருக்கும்.

வார், லிப், டிபிகேஜி, இன்ஃபோ ஃபோல்டருக்குப் போங்கள். பொதியின் பெயரோடு .ப்ரீஆர்எம் என்று முடியும் கோப்பை முதலில் ஹோமுக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். பிறகு சுடோ போட்டு நானோ எடிட்டரில் திறந்து, ஐந்தாவது வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு || ட்ரூ என்று சேருங்கள். இரண்டு நிமிர்ந்த கோடுகள், பிறகு ட்ரூ. மேலே செட் -இ என்று ஒரு வரி இருக்கும், எந்தக் கட்டளை தோற்றாலும் ஸ்கிரிப்ட்டை நிறுத்துவது அதுதான். நீங்கள் சேர்ப்பது “தோற்றாலும் பரவாயில்லை, மேலே போ” என்று சொல்லும். சிலர் கோப்பையே அழிக்கச் சொல்வார்கள், முதலிலேயே எக்ஸிட் 0 எழுதச் சொல்வார்கள். அதுவும் ஓடும். ஆனால் மீதி வரிகளில் உண்மையான துப்புரவு வேலை இருந்தால் அது நடக்காமலே போய்விடும்.

சேமித்துவிட்டு சுடோ ஏப்ட் பர்ஜ்.

வாசல்திண்ணை:
127 போய்விட்டது, இப்போது “எக்ஸிட் ஸ்டேட்டஸ் 1”! மேலே பார்த்தால் பிரிண்டர்களை நிர்வகிக்கும் எல்பிஅட்மின் கட்டளை, “அந்தப் பிரிண்டர் இல்லை” என்கிறது. ஒன்பதாவது வரியில் எல்பிஅட்மின் -எக்ஸ். செட்டிங்ஸிலிருந்து பிரிண்டரை நான் முன்பே எடுத்துவிட்டேன் அல்லவா, இல்லாததை நீக்கப் போய்த் திணறுகிறது. இதுவும் என் கைங்கரியம்தான். அங்கேயும் || ட்ரூ போடலாமா?

கருப்புத்திரை:
அதேதான். போடுங்கள்.

வாசல்திண்ணை:
போயே போய்விட்டது! டிபிகேஜி -எல் பட்டியலில் அதன் பெயரே இல்லை. டெசராக்ட்டும் தமிழ்ப் பொதியும் ஒரே மூச்சில் இறங்கின. இப்போது “இனித் தேவையில்லை, ஆட்டோரிமூவ் போடலாம்” என்று 14 பொதிகளைக் காட்டுகிறது. போட்டுவிடவா?

கருப்புத்திரை:
ஒய் அழுத்துவதற்கு முன் பட்டியலை ஒருமுறை படியுங்கள். பழைய கெர்னலும் லிப் என்று தொடங்குபவையும் மட்டும் என்றால் சரி. உபுண்டு-டெஸ்க்டாப் என்றோ க்னோம் என்றோ கண்ணில் பட்டால் அழுத்தாமல் இங்கே வந்து கேளுங்கள்.

வேகவண்டி:
லாக் கோப்பு விஷயம் இத்தனை நாள் தெரியாமல் செய்துகொண்டிருந்தேன். என் கணினியில் அடிக்கடி பொதிப் பட்டியல் குழம்புவதற்கு அதுதான் காரணமோ?

கருப்புத்திரை:
இருக்கலாம். வார், பேக்கப்ஸ் ஃபோல்டரில் டிபிகேஜி.ஸ்டேட்டஸ்.0 என்று ஒரு நகல் இருக்கும், பதிவேட்டின் சமீபத்திய பேக்கப் அது. தனியாக ஓர் இழை போடுங்கள், பார்ப்போம்.

வாசல்திண்ணை:
வெறும் லிப்களும் ஒரு பழைய கெர்னலும்தான், அழுத்திவிட்டேன். முதல் பக்கத்தையும் ஸ்கேன் செய்தாயிற்று. அப்பாவின் கையெழுத்தை டெசராக்ட்டால் படிக்க முடியவில்லை. பக்கத்தின் மூலையில் அச்சிட்டிருந்த நோட்டுக் கம்பெனி விளம்பரத்தை மட்டும் பிழையில்லாமல் எழுதித் தந்திருக்கிறது.