எர்த்ஸீ நாயகன் கெட் உண்மையிலேயே திருந்துகிறானா?

தென்கரை வாசகன் எழுதியது:

உர்சுலா கே. லெ குவின் எழுதி 1968இல் வெளியான ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’ நாவலை அண்மையில் படித்து முடித்தேன். எர்த்ஸீ என்பது தீவுகளாலான ஒரு கற்பனை உலகம். கதையின் முடிவையும் சேர்த்தே பேசப்போகிறேன் என்பதால், படிக்க எண்ணியிருப்பவர்கள் இந்த இழையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கோண்ட் தீவில் ஆடு மேய்க்கும் கொல்லன் மகன் ஒருவன், இறந்துபோன தாயின் சகோதரியிடம் சில மந்திரச் சொற்களைக் கற்று, படையெடுத்து வந்த கார்காட் வீரர்களை மூடுபனியில் திசை தெரியாமல் அலையவிட்டுத் தன் ஊரைக் காப்பாற்றுகிறான். ஓகியோன் என்ற பெரிய மந்திரவாதி அவனுக்கு ‘கெட்’ என்னும் உண்மைப் பெயரைச் சூட்டித் தம்முடன் அழைத்துச் செல்கிறார். மூலிகைகளின் பெயர்களையும் மௌனத்தையும் கற்றுத்தரும் அந்த ஆசானிடம் இருப்புக்கொள்ளாமல், அவன் ரோக் தீவின் பள்ளிக்குப் போகிறான். அங்கே உயர்குடியில் பிறந்த ஜாஸ்பரின் ஏளனத்தைப் பொறுக்க முடியாமல், இறந்தவர்களையே அழைக்கும் ஆற்றல் தனக்கு உண்டென்று காட்டப் புராணகால அழகி எல்ஃபாரனின் ஆவியை வரவழைக்கிறான். உலகம் கிழிந்த அந்தப் பிளவின் வழியே கரிய நிழல் ஒன்று பாய்ந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. பிளவை மூடுவதற்குத் தம் ஆற்றல் முழுவதையும் செலவிட்ட தலைமை மந்திரவாதி நெம்மர்லே அன்றிரவே இறந்துபோகிறார்.

என் சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒரு சிறுவனின் வீம்புக்காக அந்தப் பள்ளியின் மிக மூத்த மனிதர் உயிரை விட்டிருக்கிறார். ஆனால் கெட் அவர் பொருட்டு எந்தக் கழுவாயும் தேடுவதில்லை, யாரிடமும் மன்னிப்பும் பெறுவதில்லை. கதையின் பிற்பாதி முழுவதும் தன்னைத் துரத்தும் நிழலிடமிருந்து தப்புவதும், பிறகு அதைத் தேடிப் போவதுமாகவே கழிகிறது. கடைசியில் நிழலுக்குத் தன் பெயரையே இட்டு அழைத்து முழுமையடைகிறான். இவை எல்லாம் அவனுடைய சொந்தச் சிக்கலின் தீர்வுகள் அல்லவா? அவன் பின்னாளில் டிராகன்களோடு பேசுபவனாகவும் தலைமை மந்திரவாதியாகவும் ஆகப்போகிறான் என்று முதல் பக்கமே சொல்லிவிடுகிறது. செருக்குற்றவன் தண்டிக்கப்படாமலே உச்சிக்குப் போவதை மீட்சி என்று எப்படி ஏற்பது? பலமுறை படித்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

செங்காந்தள் எழுதியது:

நண்பருக்கு வணக்கம். மன்னிப்பு இல்லை என்று நீங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் கணக்குக் கேட்கும் இடம் ஒன்று கதையில் இருக்கிறது. மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்து எழுந்த கெட், புதிய தலைமை மந்திரவாதியான கென்ஷரின் முன் மண்டியிட்டுத் தன் விசுவாசத்தைக் காணிக்கையாக்க வரும்போது, அவர் அதை ஏற்க மறுக்கிறார். அந்த நிழல் அவனுடைய அகந்தையின் நிழல், அறியாமையின் நிழல், அவனே வீழ்த்திய நிழல் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். தான் செத்திருக்கலாம் என்று அவன் புலம்பும்போது, உனக்காக நெம்மர்லே உயிர் கொடுத்திருக்க அதைத் தீர்மானிக்க நீ யார் என்று கேட்கிறார். ஆறுதலாக ஒரு சொல்லும் சேர்க்காமல் லெ குவின் அந்தக் காட்சியை நடத்திச் செல்கிறார். சாவது தப்பித்தல், கொடுக்கப்பட்ட உயிரை அவன் சுமந்தே ஆகவேண்டும் என்பதுதான் அங்கே அவனுக்குக் கிடைக்கும் தண்டனை என்று நான் வாசிக்கிறேன்.

அடுத்து அவன் எங்கே போகிறான் என்று பாருங்கள். கோலைப் பெற்ற மந்திரவாதிகள் செல்வந்தர் மாளிகைகளிலும் பெரிய நகரங்களிலும் பணியேற்கும் உலகம் அது. கெட் போவதோ லோ டார்னிங் என்ற மீனவத் தீவுகளுக்கு. படகுகளுக்குக் காப்பு மந்திரம் போடுவதும், நோயாளிகளைப் பார்ப்பதும், அருகிலுள்ள பெண்டோர் தீவின் டிராகன்கள் வராமல் பார்த்துக்கொள்வதும்தான் வேலை. புகழை விரும்பியவன் இப்போது ஒளிந்து வாழ விரும்புகிறான். தன் ஆற்றலின் மீதே அவனுக்கு ஐயம் வந்துவிட்டது. அங்கே பெச்வாரி என்னும் படகுத் தச்சனின் குழந்தை சாகக் கிடக்கும்போது, எல்லை தாண்டக் கூடாது என்று கற்றிருந்தும், அன்பினால் அதன் உயிரைத் துரத்திக்கொண்டு இறந்தோர் நிலத்துக்குள் இறங்கிவிடுகிறான். குழந்தை மீளவில்லை, எல்லைச் சுவரருகே நிழல் காத்து நிற்கிறது. முன்பு செருக்கினால் மீறிய எல்லையை இம்முறை இரக்கத்தினால் மீறுகிறான், அப்போதும் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. மீட்சிக் கதைகளில் நல்லெண்ணம் வந்தவுடனே நாயகனுக்கு எல்லாம் கைகூடிவிடும். இந்த நூலில் அப்படி நடக்காததே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நீங்கள் தேடும் திருப்பம் என் பார்வையில் பெண்டோரில் இருக்கிறது. தன்னைத் தேடி நிழல் வந்தால் ஊர்மக்களும் அழிவார்கள் என்று உணர்ந்த கெட், புறப்படும் முன் டிராகன்களால் அவர்களுக்குள்ள அச்சத்தைத் தீர்த்துவிட எண்ணித் தனியே படகேறுகிறான். பழங்கதைகளை ஆராய்ந்து ஊகித்த ‘யெவாட்’ என்ற உண்மைப் பெயரைச் சொல்லிக் கிழட்டு டிராகனை அடக்குகிறான். அப்போது அது ஒரு பேரம் பேசுகிறது: அவனைத் துரத்தும் நிழலின் பெயரைத் தருவதாகச் சொல்கிறது. அந்த உலகில் ஒன்றின் பெயரை அறிந்தவனே அதை ஆளமுடியும் என்பதால், அது அவனுடைய உயிருக்கே விலை. கெட் அதை மறுத்து, யெவாடும் அதன் குட்டிகளும் கிழக்கே வரக்கூடாது என்ற சத்தியத்தை மட்டும் கேட்டு வாங்குகிறான். ரோக் குன்றின் மேல் ஒருவனை வெல்வதற்காக உலகையே கிழித்தவன், சில நூறு மீனவர்களுக்காகத் தன் பிழைப்பையே விட்டுக்கொடுக்கிறான். நெம்மர்லேயின் கடனை அவன் அடைக்கும் இடம் இது. பிறகு ஆஸ்கில் தீவில் டெரனன் என்னும் பழம்பெரும் ஆற்றல் கொண்ட கல்லின் வழியாக அதே பெயர் இரண்டாவது முறையும் ஆசைகாட்டப்படுகிறது. கோலும் போய், நாதியற்றுக் கிடக்கும் அந்த நேரத்திலும் அவன் மறுத்துவிடுகிறான்.

பழைய புத்தகக் கடை எழுதியது:

செங்காந்தள் அவர்கள் சொன்னதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஆனால் பெண்டோரைத் திருப்பமாகக் கொள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. தனியே சென்று டிராகனை அடக்குவது எப்படிப் பார்த்தாலும் வீரச் செயல்தான். கெட்டுக்கு எப்போதுமே எளிதாக வந்தது அதுதான். அவனுக்கு வராதது, பிறர் தருவதை வாங்கிக்கொள்வது.

ஓகியோன் தந்த பொறுமையை அவன் வாங்கவில்லை. பள்ளியில் எளிய கிராமத்தானைப் போலத் தோன்றும் வெட்ச் காட்டிய நட்பைப் பாதி அலட்சியத்தோடுதான் ஏற்றான். எல்லாம் நாசமான பின், பிறர் தன்னைக் கண்டு ஒதுங்குவார்கள் என்று அவன் குறுகிக் கிடக்கும்போது, விடைபெற வந்த வெட்ச் தன் உண்மைப் பெயரான எஸ்டாரியோலை அவனிடம் சொல்லிவிட்டுப் போகிறான். தன் உயிரையே ஒருவன் கையில் வைப்பதற்கு நிகர் அது. தகுதியைப் பார்த்துத் தரப்பட்டதும் அல்ல. நீங்கள் கேட்ட மன்னிப்புக்கு நிகராக நூலில் ஏதாவது உண்டென்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இறந்தோர் நிலத்திலிருந்து திரும்பி உணர்விழந்து கிடப்பவனை எழுப்புவதும் மந்திரம் அல்ல. அவன் வளர்த்த ஓட்டாக் என்னும் சிறு விலங்கு நாவால் நக்கிக்கொண்டே இருந்ததால்தான் விழிக்கிறான். மற்ற உயிர்களிடமிருந்து தன்னைப் பிரித்துக்கொள்ளாதவனே அறிவாளி என்று அதன்பின் நம்பலானான் என்று ஆசிரியர் ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோகிறார். கடைசிப் பயணத்தில் வெட்ச் படகில் கூடவருகிறேன் என்று சொல்லும்போது, முதலில் மறுக்க முயன்றாலும் பிறகு சம்மதிக்கிறான். தன் கேட்டுக்குத் தானே பொறுப்பு என்று அறிந்தும் துணையை ஏற்பது, அந்தப் பழைய கெட்டால் முடியாத காரியம்.

இன்னொரு சிறு செய்தி. கடலின் கோடியில் நிழல் அவனை நோக்கி நடந்து வரும்போது அது ஒவ்வொரு முகமாக மாறுகிறது: தந்தை, ஜாஸ்பர், பெச்வாரி, ஆஸ்கிலில் நிழல் உடலெடுத்துக்கொண்ட ஸ்கியோர். அவன் விட்டு வந்தவர்களும் வெறுத்தவனும் உதவ முடியாமல் போனவனும் அந்த ஒரே உருவில் எதிர்ப்படுகிறார்கள். அது வெறும் சொந்தச் சிக்கல் என்றால் இந்த முகங்கள் எதற்கு?

தென்கரை வாசகன் எழுதியது:

இருவருக்கும் நன்றி. முகங்கள் மாறும் இடத்தை மீண்டும் எடுத்துப் படித்தேன். அந்த வரிசையில் நெம்மர்லே இல்லை என்பதையும் கவனித்தேன். ஆகவே என் கேள்வியின் ஒரு பாதி அப்படியே நிற்கிறது. தன் நிழலை ஏற்றுக்கொண்டவன் இனிச் செருக்குறமாட்டான் என்று நூல் நம்மை நம்பவைக்கிறதா? பத்தொன்பது வயதில் ஒருவன் முழுமையடைந்துவிட்டான் என்பதும் ஒருவகையில் முதிராத கற்பனைதானே?

இளவேனில் எழுதியது:

முதல் நூலோடு நிறுத்திக்கொண்டால் உங்கள் ஐயம் நியாயமானதே. இளம் வாசகர்களுக்காக எழுதித்தருமாறு ஒரு பதிப்பாளர் கேட்டபோது, கதைகளில் வரும் மந்திரவாதிகள் எப்போதும் வெண்தாடிக் கிழவர்களாகவே இருக்கிறார்களே, அவர்கள் இளமையில் எப்படி இருந்திருப்பார்கள் என்ற கேள்வியிலிருந்து லெ குவின் அதைத் தொடங்கினார். அந்தக் கிழப்பருவத்துக்குப் போகும் வழியில் கெட் மறுபடியும் சறுக்குகிறான் என்பதை அவர் பின்னால் எழுதியிருக்கிறார்.

1972இல் வந்த ‘த ஃபார்தஸ்ட் ஷோர்’ நாவலில் உலகெங்கும் மந்திரம் வற்றிக்கொண்டிருக்கிறது. சாவுக்கு அஞ்சிய கோப் என்பவன் உயிருக்கும் இறப்புக்கும் இடையே ஒரு வாசலைத் திறந்துவிட்டதே காரணம். இந்தக் கோப்பை அப்படி ஆக்கியதில் கெட்டுக்குப் பங்குண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஹாவ்னர் நகரில் கோப் செல்வந்தர்களின் பொழுதுபோக்குக்காக இறந்தவர்களை வரவழைத்துக் கொண்டிருந்தான். அதைக் கண்டு சினந்த கெட் அவனைக் கட்டாயப்படுத்தி இறந்தோர் நிலத்துக்கு இழுத்துச் சென்று, கதறக் கதற அதன் வறண்ட இருளைக் காட்டி அவமானப்படுத்தினான். கோப் திருந்திவிட்டதாகவே கெட் நினைத்துக்கொண்டான்; ஆனால் கோப் அங்கே கற்றது அச்சத்தை மட்டுமே, அந்த அச்சமே பின்னாளில் உலகைத் தின்றது. அன்று தன்னை ஆண்டது கோபமும் செருக்கும்தான் என்று கெட் இளைஞன் ஆரனிடம் சொல்கிறான். ரோக் குன்றில் செய்ததற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைப் பாருங்கள்: இரண்டு முறையும் தன் வலிமையை இன்னொருவன் முன் நிரூபிக்கும் வெறி, இரண்டு முறையும் இறந்தவர்களைச் சுற்றியே மீறல். வேறுபாடு, இரண்டாவது முறை அவன் அறத்தின் பக்கம் நின்றுகொண்டிருந்தான் என்பதே. நல்லவனின் செருக்கு அவனுக்கே தெரிவதில்லை.

அந்த வாசலை மூடுவதற்குக் கெட் தன் ஆற்றலின் கடைசித் துளிவரை செலவிட வேண்டியிருக்கிறது. நெம்மர்லே அவனுக்காகச் செய்த அதே காரியத்தை, அவர் கொடுத்த அதே விலைக்கு, இப்போது அவன் செய்கிறான். உயிர் மட்டும் மிஞ்சுகிறது. நிழலின் முகங்களில் நெம்மர்லே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கடன் இந்த இடத்தில்தான் அடைபடுகிறது என்பது என் வாசிப்பு. பெண்டோரில் அடைபட்டுவிட்டதாகச் செங்காந்தள் கூறுவதை ஏற்க இயலவில்லை.

அதற்கும் பிறகு, 18 ஆண்டுகள் கழித்து 1990இல் ‘டெஹானு’ வெளிவந்தது. மந்திரம் முற்றிலும் இழந்த கெட், கலெசின் என்ற டிராகனின் முதுகில் கோண்ட் தீவுக்கு வந்து இறங்குகிறான். புகழோடு அழைத்துப்போக வந்த அரசனின் தூதர்களைச் சந்திக்க வெட்கப்பட்டு ஒளிந்துகொள்கிறான். மலைமேல் சென்று, சிறுவயதில் செய்த அதே ஆடு மேய்க்கும் வேலையைச் செய்கிறான். பிறர் பார்வையில் அது தியாகம், அவனுக்கோ அவமானம். ஆற்றல் போன பின்னும் ஆற்றலைப் பற்றிய பெருமிதம் போகவில்லை என்பதை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய கற்பனைக் கதையை நான் வேறு படித்ததில்லை. குளிர்கால இரவொன்றில் டெனார் என்னும் விதவையின் வீட்டைக் கயவர்கள் தாக்கும்போது, ஒரு காலத்தில் டிராகன்களை அடக்கியவன் வைக்கோல் வாரும் கவைக்கோலால்தான் அவர்களை எதிர்கொள்கிறான். அதிலும் பெருமிதம் எதுவும் இல்லை, ஒரு மனிதனைக் குத்தியது குறித்த கலக்கமே இருக்கிறது. பழைய வாசகர்கள் பலருக்கு இந்த நூல் கசந்தது என்பதும் உண்மை. தங்கள் நாயகனை ஒரு நடுவயது விதவையின் வீட்டில் சாதாரண மனிதனாகப் பார்க்க அவர்கள் விரும்பவில்லை.

படிப்பதென்றால் நேராக ‘டெஹானு’வுக்குத் தாவிவிடாதீர்கள். டெனார் யார் என்று தெரிய 1971இல் வந்த ‘த டூம்ஸ் ஆஃப் அட்டுவான்’ நாவலைப் படித்திருக்க வேண்டும். அதில் முதல் சில அத்தியாயங்களில் கெட் வருவதே இல்லை. வந்த பின்னும் நிலவறைச் சுழல்வழியில் தண்ணீரின்றி விழுந்து கிடக்கிறான். இளம் பூசாரினியான டெனார் மனமிரங்கினால்தான் அவனுக்கு உயிர் என்ற நிலை. உங்கள் கேள்வியோடு அந்த நூலுக்குப் போனால், அவனுடைய வீரத்தைக் காட்டிலும் அவள் எடுக்கும் முடிவுகளே உங்களை நிறுத்திவைக்கும் என்று நினைக்கிறேன்.